மஞ்சு செதுக்கின தலை

வயலினுக்குத் தலை எதற்கு என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மஞ்சு கேட்டுவிட்டாள். கம்பியெல்லாம் கீழேயே முடிந்துவிடுகிறது. கம்பியை முறுக்குகிற பிரடைகளும் கீழேயே நின்றுவிடுகின்றன. அதற்கும் மேலே சங்கு மாதிரி சுருண்டு உட்கார்ந்திருக்கிற கட்டையை வெட்டி எறிந்தாலும் வயலின் அதே சத்தம்தான் போடும். மேஸ்திரி தருமலிங்கம் உளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"உன் வூட்டுக்காரனுக்குத் தலை எதுக்குமா கீது? வலை இழுக்கக் கையி போதாதா?"

பட்டறையே சிரித்தது. மஞ்சுவும் சேர்ந்து சிரித்தாள். கல்யாணமான பெண்கள் புருஷனைப் பற்றிய கேலிக்குச் சிரிக்காமல் இருந்தால்தான் சந்தேகப்படுவார்கள்.

பட்டறை மீஞ்சூர் ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. செதுக்குகிறவர்கள் ஜன்னல் பக்கம் உட்காருவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பெண்களுக்குச் சுவர்ப் பக்கம்தான். மஞ்சு சின்னமேட்டுக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பழவேற்காடு வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலில் மீஞ்சூர் வருவாள். வந்து சேரும்போதே பாதி ஜீவன் போயிருக்கும். மீதியை மரத்தூள் தின்னும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும்.

ஆனாலும் தேய்க்கிறவளுக்கு ஒரு லாபம் உண்டு. செதுக்கினவன் எங்கே தப்புப் பண்ணினான் என்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். சுருளின் இரண்டாவது சுற்றில் பள்ளம் கூடிப்போயிருக்கும், ஒரு பக்கத்துக் காது மேலேயும் மறு பக்கத்துக் காது கீழேயும் இருக்கும், கண் என்று சொல்கிற நடுப்பொட்டு கோணலாக இருக்கும். அத்தனை கோணலையும் தேய்த்தே நிமிர்த்த வேண்டும். 'இந்தக் கையை வைத்துக்கொண்டு இவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறான், நான் சுவர்ப் பக்கம்' என்று மஞ்சுவுக்குப் பொருமலாக வரும். பொருமிப் பொருமி ஒரு நாள் கேட்டேவிட்டாள். செதுக்குகிறவர்களில் ஒருவன் துபாய்க்குப் போய்விட்ட சமயம் அது.

"ஜாக்குலினும் கேக்குறா, நீயும் கேக்குற," என்றார் தருமலிங்கம். "ஆளுக்கொரு கட்டை தரேன். ஆடி பொறக்கறதுக்குள்ள தலையச் செஞ்சி எட்தாங்க. இங்க வேல நேரத்துல தொடக்கூடாது, வூட்ல வெச்சிச் செய்ங்க. எது ஒழுங்கா கீதோ அவளுக்கு அந்த எடம். பின்னால ரூம்பு ஒண்ணு காலியா கீது, அதுவும் அவளுக்குத்தான். வெடிகாலைலயே பட்டறைய யாராச்சும் தொறக்கணும் இல்ல?"

ஜாக்குலின் மீஞ்சூர்க்காரி. வீடு நாலு தெரு தள்ளி. அவளுக்கு ரூம் வேண்டியதில்லை, இடம் மட்டும் போதும். மஞ்சுவுக்கு இடத்தைவிட ரூம்தான் பெரிதாகத் தெரிந்தது. மகள் சுபஸ்ரீ ஆறாவது படிக்கிறாள். குப்பத்தில் பெண்பிள்ளைகள் எட்டாவது வரைக்கும் படிப்பார்கள். அப்புறம் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போவார்கள். பனிக்கட்டியில் ஊறி ஊறி நகக்கண் வெளுத்து, பதினெட்டு வயதில் நாற்பது வயதுக்காரியின் கை வந்துவிடும். மஞ்சுவின் கை அப்படித்தான் ஆனது. மீஞ்சூரில் ரூம் கிடைத்தால் பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சோறு போடும்போது புருஷன் ஆதிநாராயணனிடம் சொன்னாள். மடவைக் கருவாட்டுக் குழம்பு. அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டான்.

"தலையா? நீயா? பொம்பள செதுக்கி எந்த ஊர்ல பாட்டுக் கச்சேரி நட்ந்துது?"

"நடக்குமா நடக்காதான்னு அப்பால பாரு."

"சரி, செய்யி. இன்னா இப்ப?"

"ரூம்பும் தராங்களாம்யா. நானும் புள்ளயும் அங்கியே தங்கிக்கிலாம்."

அவன் கை நின்றது. "அப்ப இங்க அடுப்பு?"

"வாரத்துக்கு ஒரு நாளு வரேன்."

"வாரத்துக்கு ஒரு நாளு எரியிற அடுப்புக்கு வாரத்துக்கு ஒரு நாளுதான் பாடு குடுப்பானுங்க."

பாடு என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது சுத்துவலை கட்டுவது என்று ஆடியில் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் விழுந்தவன் வீட்டில் இறால் கொட்டும். சேற்று மேட்டில் விழுந்தவன் நண்டுக் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பான். தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமாகி, பெண்டாட்டி குப்பத்தில் உலை வைத்து, கூரைமேல் புகை தெரிகிறவன் என்று அந்தக் காலத்தில் ஊர் போட்ட சட்டம். கடலோரம் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டு, சீட்டுக்கு மட்டும் வந்து நிற்கிறவர்களைத் தடுப்பதற்காக வந்தது. புகை இல்லாத வீட்டுக்குப் பாடு இல்லை. பாடு இல்லாதவன் இன்னொருத்தன் தோணியில் கூலிக்கு உட்கார்ந்துகொண்டு போகவேண்டியதுதான்.

போகாதே என்று ஆதி சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டை வந்தால் மஞ்சுதான் ஜெயிப்பாள் என்பது கல்யாணமான வருஷத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையில் செதுக்க உட்கார்ந்தாள். மற்ற நாளில் வேலையிலிருந்து வந்து, பொழுது இருக்கிறவரைக்கும். வீட்டுக்குப் பின்னால் வலை உலர்த்துகிற பந்தலின் நிழல். பக்கத்தில் ஆதியின் தோணி கவிழ்த்துப் போட்டிருந்தது. கட்டை வெளிநாட்டு மேப்பிள் மரம், வெளுப்பாக, குறுக்கே புலிவரி ஓடியது. தருமலிங்கம் கொடுத்த தகரத் தகட்டை அதன்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். சின்ன ரம்பத்தால் கோட்டோடு அறுத்து எடுத்தபோது பக்கவாட்டில் பார்க்கத் தலை மாதிரித்தான் இருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் செங்கல்.

கட்டையைப் பிடித்துக்கொள்ள இடுக்கி இல்லை. கிழிந்த வலையைச் சுற்றி இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள். அரிவாமணையை மிதித்துக்கொண்டு மீன் அரிகிற கால்கள், அசைய விடவில்லை. முதல் நாளே உளி வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி பிடித்தாள்.

மரத்துக்கும் செதில் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. மீனை வாலிலிருந்து தலைக்குச் சீவினால் செதில் தெறிக்கும். மரத்தில் அப்படிச் சீவினால் செதிலோடு சதையும் பிய்த்துக்கொண்டு வரும். அதிலும் சுருள் வட்டமானது. கால் வட்டம் ஒழுங்காகச் சீவிக்கொண்டு போனால், அடுத்த கால் வட்டத்தில் மரம் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். உளியைத் திருப்பு, கட்டையைத் திருப்பு, உடம்பையும் திருப்பு. வளைவு உளியால் பள்ளம் எடுக்கும்போது மூச்சுவிட்டால் கை ஆடியது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சீவு, அப்புறம் மூச்சு.

தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னா மஞ்சு, ஆத்தாவுக்குத் தேரு செய்றியா?"

"ஆமா. அதுல குந்திக்கினு போவ ஆள் தேடிக்கினு கீறேன், நீ வரியா?"

"நத்தையாட்டம் கீதே. இத்த இன்னா செய்வாங்க, கொளம்பு வெப்பாங்களா?"

சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். மஞ்சுவுக்குக் கோபம் வரவில்லை. இடது பக்கத்துச் சுற்று அன்றைக்குத்தான் கண்ணைப் போய்ச் சேர்ந்திருந்தது. விரலைப் பள்ளத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டே போனால், எங்கேயும் தடுக்காமல், இறங்கி இறங்கி உள்ளே போய் நின்றது. அவள் தேய்த்த தலைகளில் ஒன்றுகூட அப்படி இறங்கினதில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். சுபஸ்ரீயைக் கூப்பிட்டு அவள் விரலைப் பிடித்துப் பள்ளத்தில் ஓட்டிக் காட்டினாள்.

"ஐ, வழுக்குதும்மா. இது முடிஞ்சா மீஞ்சூரு போய்டுவமா?"

"போய்டுவம்."

வலது பக்கம் கடைசிச் சுற்றில் இருந்தபோதுதான் அந்தக் கோடு தெரிந்தது. மயிர் மாதிரி, கறுப்பாக. காதின் விளிம்பிலிருந்து கிளம்பிக் கழுத்துவரைக்கும் இறங்கியது. எச்சில் தொட்டுத் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தாள், ஒன்றும் தட்டவில்லை. மேற்கிலிருந்து அனல் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்கள். ஏரி வற்றிப் பின்வாங்கிச் சேறு வெடித்துக் கிடந்தது. அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவளுக்கும் எல்லாம் வெடிப்பாகவே தெரிந்தது.

ஆதி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய அப்பா அந்தக் கரையிலேயே பேர் எடுத்த தோணி ஆசாரி மாதிரி வேலை தெரிந்தவர். ஆசாரிக்குக் காத்திருக்காமல் தன் தோணியைத் தானே கட்டிக்கொண்டவர். மரத்தைப் பற்றிக் கேட்க வேறு ஆள் வேண்டாம்.

"யோவ், இத்தக் கொஞ்சம் பாரு."

அவன் வலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். தலையை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தான். கட்டைவிரலால் கோட்டின்மேல் மெதுவாக இழுத்தான். திருப்பிக் கழுத்துப் பக்கம் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வுட்டுக்கிச்சிமே."

"இன்னாய்யா வுட்டுக்கிச்சி?"

"விரிசல். உள்ளாறருந்து வருது."

"நகத்துக்குத் தட்டலியே."

"இப்பத் தட்டாது. இன்னும் ரெண்டு நாளு இந்த மேக்காத்து அடிச்சிதுன்னா சிப்பியாட்டம் வாயத் தொறந்துக்கும். மேஸ்திரி கையில குடுக்கசொல்ல ரெண்டு துண்டாக் குடு."

மஞ்சு கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவள் அழுது ஆதி பார்த்ததே குறைவு. எழுந்து போய்த் தோணிக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். சுறா எண்ணெய். வருஷா வருஷம் தோணிக்குப் பூசுவது. சுறாவின் ஈரலைக் காய்ச்சி எடுக்கிற அந்த எண்ணெய் குடித்த பலகையை வெயிலும் வெடிக்க வைக்காது, தண்ணீரும் உளுத்துப்போக வைக்காது. குப்பத்தில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். மஞ்சுவுக்கும் தெரியும்.

"வயலினுக்கு இது ஆவுமாய்யா?"

"மரத்துக்கு ஆவும். வயலினு இன்னா இரும்பா?"

"மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறன்."

"கேளு. குட்த்த கட்டைல விரிசல் வுட்டுட்டன்னு உன் வாயாலயே சொல்லு. ஜாக்குலினுக்கு வேல சுளுவாப் பூடும்."

மஞ்சு போனைக் கீழே வைத்தாள்.

அவனே பழந்துணியை எண்ணெயில் நனைத்தான். அவனே பூசினான். கோட்டின்மேல் ஒரு தரம், பள்ளத்தில் ஒரு தரம், துணியின் முனையை முறுக்கிக் கண்ணுக்குள்ளே ஒரு தரம். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அத்தனை பதமாகத் தேய்த்தான். மரம் குடித்துக்கொண்டே இருந்தது. வெளுப்பு போய்ப் பொன் நிறம் வந்தது. புலிவரி எழும்பி நின்றது. கோடு அந்த நிறத்தில் மங்கிப்போனது.

"பாத்தியா? அடங்கிடுச்சி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலையில் அவன் கை வைத்தது அதுதான் முதல் தடவை. மஞ்சுவுக்கு அவன்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்குக் கொடுவா வாங்கி, புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, நடுத்துண்டாகப் பார்த்து அவன் தட்டில் போட்டாள். அவனும் வெட்கமில்லாமல் தின்றான்.

எண்ணெய் வாடை அவளுக்குத் தெரியவேயில்லை. எப்படித் தெரியும்? பாயில், தலையணையில், பிள்ளையின் புத்தகப் பையில், எல்லாவற்றிலும் அந்த வாடைதான். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து, புதுத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டறையில் ஜாக்குலின் முதலில் காட்டினாள். தருமலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காது தொங்கியது, பள்ளத்தில் உளி கொத்தின தடம் அப்படியே இருந்தது. "ம்" என்று ஓரமாக வைத்துவிட்டு மஞ்சுவிடம் கை நீட்டினார்.

துண்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தார். இரண்டு காதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார். விரலைப் பள்ளத்தில் ஓட்டினார், அது நிற்காமல் கண்வரைக்கும் போனது.

"நீயா செதுக்கின?"

"நான்தான் மேஸ்திரி."

"யாரும் கை வெக்கலியே?"

"சத்தியமா நான்தான்."

"டேய், எல்லாரும் வந்து பாருங்கடா. இன்னா வழவழப்புன்னு பாருங்க. ஏழு வருசமா ஜன்னலோரம் குந்திக்கினு கீறீங்களே, ஒருத்தனாச்சும் கண்ண இப்டி எட்த்திருக்கீங்களா?"

எல்லாரும் வந்து நின்றார்கள். மஞ்சு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று இருந்தது. தருமலிங்கம் தலையை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்தவர் மூக்கைச் சுளித்தார். மறுபடி முகர்ந்தார்.

"இன்னாமா இது வாடை?"

"எண்ணெ மேஸ்திரி. சுறா எண்ணெ. விரிசல் வுட்டுக்கிச்சி, அதுக்கோசரம்..."

"எங்க விரிசல்?"

காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது விரிசல் இல்லமா. ரேகை. மரம் வளரசொல்லவே உள்ள ஓடுறது. அழகுமா அது. இதுக்குன்னே தேடி வாங்கறவங்க கீறாங்க."

அவர் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டுத் தலைமேல் வைத்தார். சொட்டு முத்தாக உருண்டு கீழே விழுந்தது.

"கண்வரைக்கும் குடிச்சிருக்கு. வச்சிரப் பசை ஒட்டாது, வார்னிசு புடிக்காது. அதெல்லாம்கூட வுடு. இத்த வாங்கறவங்க யாரு? பூஜ ரூம்புல வெச்சிக் கும்புட்டுட்டுத் தொடறவங்க. அவங்க வூட்டுக்கு மீனெண்ணெய எப்டிமா அனுப்புவேன்?"

"வச்சிரம் மட்டும் இன்னா மேஸ்திரி? மாட்டுத்தோலக் காய்ச்சித்தான எட்க்குறீங்க?"

"அது வாடை வராதுமா," என்றார் தருமலிங்கம், ரொம்பப் பொறுமையாக.

யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "புளி ஊத்தினா கொளம்பாயிடும் மேஸ்திரி" என்றான். பட்டறை வெடித்துச் சிரித்தது. தருமலிங்கம் அதட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழியை உடைத்தவளைச் சுற்றி நின்று சிரிப்பார்கள் என்பதைப் பழமொழியில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

ஜன்னலோரத்து இடம் ஜாக்குலினுக்குப் போயிற்று. ரூம் அவளுக்கு வேண்டாம் என்பதால், அதில் மரத்தை அடுக்கினார்கள். ஜாக்குலின் நல்ல பெண். சாப்பாட்டு நேரத்தில் மஞ்சுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன்னுதுதான்க்கா நல்லா இருந்துது" என்றாள். மறுநாளிலிருந்து ஜாக்குலின் செதுக்குகிற தலைகளின் கோணலை மஞ்சு உப்புத்தாளால் நிமிர்த்தினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆதி பந்தலடியில் கிழிந்த வலைக் கண்ணைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தான். மஞ்சு பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அது விரிசல் இல்லியாம்."

"ம்."

"மரத்துலயே ஓடுற ரேகையாம்."

"ம்."

அந்த இரண்டாவது 'ம்'மில் அவளுக்குச் சுரீர் என்றது. "உனக்குத் தெரியுமா?"

அவன் ஊசியைக் கண்ணில் நுழைத்து இழுத்து முடிச்சுப் போட்டான். "எங்க நைனா கூடவே பலவை அறுத்தவன்மே நானு. ரேகைக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சேவா பூசின?"

"பின்ன இன்னா பண்றது? நீ பாட்டுக்குப் புள்ளய இட்னு பூடுவ. அடுப்பு எரியலன்னு ஊர்ல என் பேர அட்ச்சிடுவானுங்க. நாளிக்கி நான் எவன் தோணிலயாச்சும் ஓரமாக் குந்திக்கினு துடுப்புப் போடணும். எங்க நைனா கட்டின தோணி கவுந்தே கெடக்கும்."

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா."

"சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதனாலேயே அவன் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு இறங்க இடமில்லாமல் உள்ளேயே நின்றது. அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு, கண்ணைக்கூட விட்டுவைக்காமல், எவ்வளவு பதமாகத் தேய்த்தான். கொடுவா நடுத்துண்டை வேறு அவள் கையாலேயே எடுத்துப் போட்டிருக்கிறாள். பாவி.

பிள்ளையிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அவள் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது. எதற்குப் பயந்து இவன் இதைச் செய்தானோ, அதையே இவனுக்கு நடத்திக் காட்டுவது. தனக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சோறு போகும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. போகட்டும் என்று இருந்தது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள் கோயில் கொட்டகையில் ஊர் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுகளைப் போட்ட பானை நடுவில் இருந்தது. பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. மஞ்சு நேராகப் போய்ப் பானைக்கு முன்னால் நின்றாள். ஊர்த் தலைவர் சகாதேவன் அவளுக்குப் பெரியப்பா முறை.

"இன்னா மஞ்சு, இங்க வந்து நிக்கிற?"

"பெரிப்பா, என் வூட்டுச் சீட்ட எட்க்கறதுக்கு மின்னால ஒண்ணு சொல்லணும்."

ஆதி கூட்டத்தில் எழுந்தான். "ஏய், வூட்டுக்குப் போ."

"என் வூட்ல இனிமே அடுப்பு எரியாது பெரிப்பா. நான் ஒலை வெக்க மாட்டேன். ஊருக்கு மின்னால சொல்றேன். பொக இல்லாத வூட்டுக்குப் பாடு இல்ல. இவுருக்குச் சீட்டு குடுக்காதீங்க."

ஆதியின் முகத்தில் ரத்தம் இல்லை. அதைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். கண்ணெடுக்காமல் பார்த்தாள். சகாதேவன் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"எந்த அடுப்புமா? அந்தச் சட்டத்தத்தான் தையிலயே எட்த்தாச்சே."

மஞ்சுவுக்குப் புரியவில்லை.

"இன்னாடா, யாரும் இவங்க வூட்ல சொல்லலியா? பாதி பேரு பொண்டாட்டிங்க புள்ளைங்க படிப்புன்னு பொன்னேரிலயும் மீஞ்சூர்லயும் கீறாளுங்க. என் மருமவளே எண்ணூர்ல கீறா. அடுப்ப எண்ணிக்கினு கீந்தா ஊர்ல தலைக்கட்டே மிஞ்சாது. ஆம்பள இங்க கீறானா, தோணி கீதா, அவ்ளோதான். அப்பவே கைதூக்கி முடிச்சாச்சி." அவர் ஆதியைப் பார்த்தார். "நீ எங்கடா போய்ட்டிருந்த அன்னிக்கி?"

"அவன் எங்க வந்தான்? ஃபுல்லா ஏத்திக்கினு தோணிக்கடியில மஜாவாப் பட்த்துக் கெடந்தான்," என்றான் ஒருவன். கொட்டகை சிரித்தது. தலையைச் செதுக்கின பிறகு மஞ்சு கேட்ட இரண்டாவது சிரிப்பு அது. பட்டறைச் சிரிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"புருசன் பொண்டாட்டி பேஜார வூட்ல வெச்சிக்கிங்கமா," என்றார் சகாதேவன். "டேய் ஆதி, வா, வந்து எட்றா."

ஆதி வந்து பானைக்குள் கை விட்டான். சீட்டைப் பிரித்து சகாதேவனே உரக்கப் படித்தார். முகத்துவாரம், வடக்குக் கரை. அந்த வருஷத்துக்கு அதைவிட நல்ல இடம் ஏரியில் கிடையாது. நாலு பேர் வந்து அவன் முதுகில் தட்டினார்கள்.

திரும்பும்போது அவன் இரண்டடி பின்னால் வந்தான். அப்புறம் வேகமாக நடந்து வந்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

"எனக்குத் தெரியாதுமே. ஆத்தா மேல சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்ன வுட்டிருப்பேன்."

மஞ்சு நடந்துகொண்டே இருந்தாள்.

"நானே ஆட்டோ வெச்சி சாமான ஏத்தி அனுப்பியிருப்பேன். எனக்கு இன்னா, நீ நல்லாக் கீறது புடிக்காதா?"

அவன் பொய் சொல்லவில்லை. பொய்யென்றால் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். உண்மையாகவே விட்டிருப்பான். அரைப் பொழுது குடிக்காமல் இருந்து, கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தால், சிரித்த முகமாக வழியனுப்பியிருப்பான். அவனிடம் அவள்மேல் கெட்ட எண்ணம் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாளிக்கி வேணா நான் வந்து மேஸ்திரி கால்ல வுழவா? நான்தான் பூசினேன்னு சொல்லிர்றேன்."

"அங்க ஜாக்குலின் குந்தியாச்சிய்யா."

"அப்ப அடுத்த தபா," என்றான் ஆதி. முகத்துவாரம் கிடைத்த சந்தோஷம் அவன் குரலில் மறைக்க மறைக்க வந்துகொண்டிருந்தது.

வீட்டில் சுபஸ்ரீ பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ம்மா, டீச்சரு டீ.சி. எப்ப வேணும்னு கேட்டாங்க. நம்ம எப்பம்மா மீஞ்சூரு போறம்?"

ஆதிதான் குனிந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினான்.

"இனிமே எப்ப வேணா போலாம் கண்ணு. ஒரு தடையும் இல்ல. ஊரே சொல்லிடுச்சி," என்றான் அவன், மனதாரச் சிரித்துக்கொண்டு. சொல்லிவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டான்.